படத்தில் இருப்பவரின் கையெழுத்து

ஜூன் 4

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே நீ கிழித்துப் போடலாம் என்று அம்மா சொன்னாள். கிழித்தாலும் பரவாயில்லை, எழுது என்றும் அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போனை என் பக்கம் நீட்டுவாள். அதற்குள் நீ "சரிம்மா, நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். வைக்காமல் இருந்தாலும் நான் என்ன பேசியிருக்கப் போகிறேன். போனில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ கத்தியபோது என்னால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் எழுதுவது நூலகத்துக்குப் பயன்படுமா என்று மூன்று மாதம் முயன்று பார்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நூலகர் மேடத்துக்குத் தட்டச்சு செய்யப் பொறுமையில்லை. "நீதான் வாயத் திறந்து பேச மாட்டியே, கையாலயாவது பேசு" என்று அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். வலைப்பூ ஒன்று, நூலகத்தின் பெயரில் பக்கம் ஒன்று, படங்கள் மட்டும் போடும் தளம் ஒன்று, இரண்டு வரிச் செய்திகளுக்கு இன்னொன்று. வலைப்பூவில் ஒன்றைப் போட்டால் மற்ற மூன்றிலும் தானாகவே விழும்படி இணைத்து வைத்தது நான்தான். பத்தாவதோடு நின்றவள் இதைச் செய்துவிட்டாள் என்று மேடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் எப்படிப் போனது என்று உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். புதுப் புத்தகப் பட்டியலுக்கு ஒன்பது லைக், ஒன்பதும் மேடத்தின் சொந்தக்காரர்கள். 'நூலகரைக் கேளுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்தோம். கழிப்பறை திறந்திருக்கிறதா என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை.

அப்புறம்தான் நீ எழுத்தர் தேர்வுக்குப் படிக்கப் பத்து நாள் லீவு போட்டாய். மேல் வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்ததால் நூலகத்தில் வந்து உட்கார்ந்தாய். அம்மாவுக்கு மறுபடியும் இடுப்பில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும் என்று நீ வேலை பார்த்த கிளினிக்கின் பல் டாக்டரிடம் பொய் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் காலை ஜன்னலோர மேசையில் வெயில் விழுந்திருந்தது. நூலகக் கேமராவில் எடுத்து, 'இன்று காலை பத்தரை. ஜன்னலோரம் இன்னும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது' என்று எழுதிப் போட்டேன். நான் மேசையைத்தான் எடுத்தேன். மேசையில் நீ இருந்தாய்.

அதைப் பார்த்துவிட்டு நீ என்னிடம் வந்து, "பூச்சி, இத உடனே எடு" என்று மெதுவாகச் சொன்னாய். உன் கண் முன்னாலேயே வலைப்பூவிலிருந்து அழித்தேன். நீ போய் மறுபடியும் படிக்க உட்கார்ந்தாய். மற்ற மூன்று இடங்களில் விழுந்தவை தாமாகப் போகாது என்பதை மறந்துவிட்டேன். இணைப்பு போடுவதற்கு மட்டும்தான், அழிப்பதற்கு இல்லை. டாக்டரின் மனைவி குழந்தைகளின் சனிக்கிழமைக் கதை நேரத்துக்காக நம் பக்கத்தைப் பார்க்கிறவர் என்பதும் எனக்குத் தெரியாது.

தவறு என்னுடையது. மன்னித்துவிடு.

படம் இன்னும் இருக்கிறது. "இனிமே எடுத்தா என்ன, வச்சா என்ன. இருக்கட்டும், நீ தினமும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். தினமும் பார்க்கிறேன்.

அம்மா இப்போது கம்பு இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள்.

பூச்சி


ஜூன் 15

பூச்சி,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க விடவில்லை என்பதுதான் சரி. இந்த விடுதியில் யாருக்கும் கடிதம் வருவதில்லை. வார்டன் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அறையில் நாங்கள் நான்கு பேர். "இந்தக் காலத்துல லெட்டர் போடுற மாப்பிள்ளை யாருடி, எந்த மியூசியத்துல புடிச்ச?" என்று மற்ற மூவரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கச்சி என்று சொன்னதும் அவரவர் கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

நீ எழுதியது மன்னிப்புக் கேட்கிற மாதிரி இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புகிற மாதிரி இருக்கிறது. எத்தனை மணி, எந்தத் தளம், எத்தனை லைக். கடைசியில் ஒரு முத்திரைதான் குறைச்சல்.

நீ கேட்காததை நான் சொல்கிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது, ஒரு கையெழுத்து வேண்டும், வந்துவிட்டுப் போ என்று. போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி கிடையாது. அதில்தான் உட்கார்ந்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார்."

"ராத்திரி கூட யாரு இருக்கா?"

"நான்தான் சார்."

அப்புறம் தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே நேற்றுத் தேதி. அவர் திட்டவில்லை. "லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொன்னது அவரோ என்று நினைக்கத் தோன்றும். முந்தின வாரம் அம்மாவுக்கென்று ஒரு பை நிறையப் பழம் கொடுத்து அனுப்பியவர் அவர். அந்தப் பழத்தில் நீயும்தான் தின்றாய்.

பொய் சொன்னது நான்தான். அதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்லிச் சரிசெய்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். தேர்வு முடிந்ததும் நானே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. அது என் பாடு. அதை என்னிடமிருந்து பிடுங்கி ஊருக்கே காட்டிவிட்டாய்.

அன்றோடு அந்த வேலை போயிற்று. அந்த ஊரில் பல் டாக்டர்கள் எல்லோரும் ஒரே சங்கம். இனி யாரும் என்னை முன்மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். தேர்வு நடந்த நாளில் நான் இந்த ஊருக்கு வரும் பேருந்தில் இருந்தேன். கிடங்கில் அன்றைக்கே சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே என் வேலை பார்சல்கள்மேல் முகவரிச் சீட்டு ஒட்டுவது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுவதும் ஊர்ப் பெயர்களாகப் படிக்கிறேன். ஒரு ஊருக்கும் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா படியில் விழுந்த வருஷம், இரண்டு பேரில் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று வந்தபோது நான் என் வேலையைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். நீ பள்ளிக்கூடத்தை விட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. நீ எதற்குத்தான் என்ன சொல்லியிருக்கிறாய். இத்தனை நாள் கழித்து நான் நிம்மதியாக உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தபோது உனக்கு எரிந்ததா? எரிந்திருந்தால் சொல்லு. அதை என்னால் புரிந்துகொள்ள முடியும். மறந்துவிட்டேன் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. யார் எந்தப் புத்தகத்தை எந்தத் தேதியில் திருப்பித் தர வேண்டும் என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்கிறவள் நீ.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

எரியவில்லை. நீ அங்கே உட்கார்ந்து படித்தது எனக்குப் பிடித்திருந்தது. மேசைமேல் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்பது விதி. நீ வைத்திருந்தாய். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

எரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். சின்னதாக இருப்பதால்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்கு தாளைக் கிழித்துவிட்டு இது ஐந்தாவது.

நான் மறந்தது உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான்.

ஆறு மணிக்கு, மறுநாள் அறிவிப்பைப் போடுவதற்காகப் பக்கத்தைத் திறந்தேன். உன் படம் அங்கே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. உடனே அழிக்கும் இடத்தில் அழுத்தினேன். 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?' என்று கேட்டது. எப்போதும் கேட்பதுதான். அந்த ஒரு நிமிஷத்தில் படத்துக்குக் கீழே பார்த்துவிட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு லைக். அக்கா, எங்கள் பக்கத்தில் அதற்கு முன் எதற்கும் இருபதுகூட வந்ததில்லை. யார் யாரோ எழுதியிருந்தார்கள். 'இந்தப் படத்தை எடுத்தது யார்? வெயிலை இப்படிப் பார்க்கத் தெரிந்தவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது' என்று ஒருவர். எடுத்தவர் பெயரைப் போடுங்கள் என்று இன்னொருவர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு வந்து விழுந்தன.

பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது நான் 'உள்ளேன்' என்று சொல்வது காதில் விழாமல் டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்வேன், நீ மறுநாள் வந்து சண்டை போடுவாய். அப்படிப்பட்ட என்னை யார் என்று ஒருவர் கேட்கிறார். முன்பின் தெரியாதவர்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். காலையில் வந்ததும் எடுத்துவிடலாம், ஒரு ராத்திரிக்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்த ஆளுக்கு 'நன்றி, நான்தான் எடுத்தேன்' என்று பதில்கூட எழுதினேன். பிறகு மேடம் விளக்குகளை அணைத்தார், கதவைப் பூட்டினோம், வீட்டுக்கு வந்தேன். நீ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வித்தாள் போட்டுக்கொண்டிருந்தாய். "என்னடி, முகம் இன்னைக்குப் பளிச்னு இருக்கு?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

நீ என்னைத் திட்டியது மறதிக்காக. போன கடிதத்தில் அந்த மறதிக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பூச்சி


ஜூலை 22

அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. ஆனால் இதற்கு மட்டும் உன் பதில் வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்று மாத முயற்சி முடிந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எண்களை எல்லாம் பார்த்தார்கள். மற்ற கிளைகளில் ஒன்றும் தேறவில்லையாம். நம் கிளையில் அந்த ஒரு படத்துக்குப் பிறகு புதிதாக நூற்று அறுபது பேர் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார்கள். ஜன்னலோர நாற்காலி எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லாக் கிளைகளுக்குமான பக்கங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடப் போகிறார்கள். நிரந்தர வேலை. மேடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பத்தாவது போதாது என்று ஒருவர் இழுத்தாராம். "படிப்ப ஏன் பாக்குறீங்க, படத்தப் பாருங்க" என்று மேடம் வாயை அடைத்தாராம்.

அந்தப் படத்தை அறிக்கையின் அட்டையில் போடப் போகிறார்கள். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் சம்மதமும் கையெழுத்தும் வேண்டும். படம் எடுப்பதற்கு முன்னால் வாங்க வேண்டிய கையெழுத்தாம் அது. அப்படி ஒரு படிவம் இருப்பதே மேடத்துக்கும் எனக்கும் அப்போது தெரியாது. படத்தில் இருப்பது என் அக்கா என்று மேடத்துக்குத் தெரியும். அதனால் உன் வேலை போனது தெரியாது. நான் சொல்லவில்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி அறிக்கை போக வேண்டும். உன் கையெழுத்து அதற்குள் வராவிட்டால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வேன். படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, மேடத்திடம் நடந்ததைச் சொல்லி, அந்த வேலையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உன்னைக் கேட்காமல் ஒருமுறை போட்டாயிற்று. கேட்காமல் இன்னொரு முறை வேண்டாம்.

கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. உனக்குத் தோன்றியதைச் செய்.

பூச்சி


ஆகஸ்ட் 6

பூச்சி,

ஜூன் கடைசியில் நீ எழுதிய கடிதத்தைக் கிடங்கு வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு உள்ளே போய் நாற்பது பார்சல்களுக்குச் சீட்டை மாற்றி ஒட்டினேன். மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, ஊரையே இடம் மாத்துறியா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் உரித்து மறுபடி ஒட்டினேன்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மறதி என்றால் விட்டிருப்பேன். பொறாமை என்றால்கூட அதில் எனக்கும் பங்கு உண்டு. எவனோ ஒருவன் உன்னைப் புகழ்ந்தான் என்று ஒரு ராத்திரி என்னை அங்கே மாட்டி வைத்தாய் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மாதம் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறையில் இருக்க முடியாது. ஒருத்தி துணி காய வைப்பாள், ஒருத்தி அழுவாள், ஒருத்தி பாட்டுப் போடுவாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பொது நூலகம் இருக்கிறது. அங்கே ஒருவருக்கு அரை மணி நேரம் கணினி தருவார்கள். அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணி உன்மேல் கோபத்தை ஏற்றிக்கொள்ளத்தான் முதல் வாரம் போனேன். எண்ணினேன். ஏற்றிக்கொண்டேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் எதற்குப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

படிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. கிளினிக்கில் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும். கிடங்கில் முகமே தேவையில்லை. அந்தப் படத்தில் நான் யாருக்காகவும் இல்லாத முகத்தோடு இருக்கிறேன். கொஞ்சம் அறிவாளி மாதிரிகூட இருக்கிறேன். சிரிக்காதே.

கீழே எழுதியிருப்பவற்றையும் படிப்பேன். 'இந்தப் பொண்ணு அப்படி என்ன படிக்கிறா?' என்று ஒருத்தர் கேட்க, அவரவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் என்கிறார் ஒருவர். நர்ஸ் படிப்பு என்கிறார் இன்னொருவர். இல்லை, இது தேர்வுக்குப் படிக்கிற முதுகு என்று ஓர் அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் கீழே ஒருவர் எனக்காக எழுதியிருக்கிறார். வாராவாரம் கடைசியாக அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அழுகிறேன் என்று நினைப்பாய். நீயே பார்த்துக்கொள்.

போன வாரம் அந்த நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். தேர்வுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். அடுத்த வருஷமும் ஒரு முறை எழுதலாமாம். இன்னும் பிரிக்கவில்லை. தலைமாட்டில் இருக்கிறது.

படிவமும் பத்து நாளாக அங்கேதான் இருந்தது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அட்டையில் போடட்டும். எல்லா ஊரிலும் போடட்டும். அந்த வேலையை வாங்கிக்கொள். என் வேலை போன இடத்தில் உன் வேலையாவது வரட்டும். ஒருவேளை அக்காவுக்கு வழிவிட்டு நின்றவளுக்கு நான் செய்ய வேண்டிய பாக்கி இதுதானோ என்னவோ. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அது தனி, இது தனி.

வருகிற ஞாயிறு போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அம்மா போனை உன் பக்கம் நீட்டுவாள். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை. பத்தாம் தேதிக்குள் கண்டிப்பாகப் போய்விடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று, பதின்மூன்றாம் தேதி வந்தது.

படம் இப்போது இல்லை.

பத்தாம் தேதி காலையில் தபால்காரர் வந்துபோன பிறகு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வாயால் சொன்னேன், பாதியைத் தாளில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அவர் தேதி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாள் வாய்க்குப் பூட்டா போட்டிருந்த? அன்னைக்கே சொல்லியிருந்தா நானே அந்த டாக்டர்கிட்ட போய்ப் பேசியிருப்பேனே" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை, அக்கா. யாரிடமாவது சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றுவதில்லை.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்றும் சொல்லாததால் உன் பதில் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அழிக்க உட்கார்ந்தபோது மேடம் பின்னால் வந்து நின்றார். "அவசரப்படாத. அறிக்கை ரெண்டு நாள் தள்ளிப் போனா ஒண்ணும் குடி முழுகிடாது. நாளைக்குத் தபால் வரட்டும், பாத்துட்டுப் பண்ணு" என்றார். நான் கேட்கவில்லை. முன்னால் ஒருமுறை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தானே இவ்வளவும் நடந்தது. இந்த முறை காலை வரைக்கும் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். பக்கத்திலிருந்து எடுத்தேன். படத்தளத்திலிருந்து எடுத்தேன். இரண்டு வரித் தளத்திலிருந்து எடுத்தேன். கணினியில் சேமித்து வைத்ததையும் கேமராவில் இருந்ததையும் அழித்தேன். ஒவ்வொரு இடத்திலும் நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கணினி பழுது பார்க்கிறவரைத் தேடிப் போனேன். நானே அவரிடம் பேசினேன். அவர் வந்து கேமராவிலும் கணினியிலும் பார்த்தார். போன வாரத்துக் கதை நேரப் படங்கள் நிறைய வந்தன. நீ வரவில்லை. வந்திருந்தாலும் கீழே எழுதியவை வந்திருக்காது என்றார். அவை படத்தோடு போகிறவையாம்.

அந்தப் படம் இல்லாமல் காட்ட வேறொன்றும் இல்லை என்று தலைமை அலுவலகத்தில் எல்லாத் தளங்களையும் மூடச் சொல்லிவிட்டார்கள். வலைப்பூ மட்டும் இருக்கும். மாதம் ஒருமுறை அங்கிருந்தே பட்டியல் போடுவார்கள். அந்த வேலை இனி யாருக்கும் கிடையாது. நான் பழையபடி புத்தகம் அடுக்குகிறேன். நீ கையெழுத்துப் போட்ட படிவத்தை மேடத்திடம் கொடுத்தேன். படம் இல்லாத படிவத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

நீ அந்த முகத்தை வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால். ஆனால் தெரியாது. நான் தண்டனையாக அதைத் தினமும் பார்த்தேன். நீயும் பார்ப்பாய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

படத்தைத் திருப்பித் தர முடியாவிட்டாலும் கீழே இருந்தவற்றையாவது எழுதி அனுப்பலாம் என்று இன்று மத்தியானம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை முறை படித்திருப்பேன். ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். எழுத எழுத வந்தது. பதினேழு எழுதினேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பதினேழும் படம் எடுத்தவளைப் பற்றியவை.

நீ என்ன படிக்கிறாய் என்று யாரோ கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. சட்டம் என்று சொன்னவரும் இல்லை, தேர்வுக்குப் படிக்கிற முதுகு என்று சொன்ன அம்மாவும் இல்லை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கும். கண் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

வாராவாரம் நீ கடைசியாகப் படித்த அந்த ஒன்றை எனக்கு எழுது, அக்கா. நீயே பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பூச்சி